வெறுங்கழுத்தோடு விழித்தவர்கள்

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய மனைவிக்கு மூன்று மாதமாக மனம் சரியில்லை. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, மாத்திரைக்கும் நோய் மசியவில்லை. தலையில் கரண்ட் வைக்க வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். தெரணியகலை பஸ் நிலையத்தில் இறங்கி எங்கள் தெருவுக்கு வருவதற்குள் நாலு பேர் அவருக்கு நாலு கதை சொல்லிவிட்டார்கள். மூளை கருகிவிடும் என்று ஒருவர், ஆள் மரக்கட்டை ஆகிவிடும் என்று இன்னொருவர். இவர்களில் ஒருவரும் கரண்ட் வைக்கும் அறைக்குள் கால் வைத்தவர் இல்லை.

"நீங்க வைன்னு சொன்னா கையெழுத்து வைக்கிறேன் மிஸ்ஸி. இல்லாட்டி பொம்பளய கூட்டிக்கிட்டு வந்துடுறேன்" என்றார்.

முப்பத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்ததில் எனக்கு மிஸ்ஸி என்பதே பெயராகிவிட்டது. என் கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், கோபம் வந்தால் மட்டும். சும்மா வைன்னு சொல்ல எனக்கு மனமில்லை. கூடவே போனேன்.

அங்கே நான் பார்த்தது எனக்கே புதிது. மயக்கம் கொடுக்க ஒரு டாக்டர், கரண்ட் வைக்க ஒரு டாக்டர், பக்கத்தில் மூச்சையும் இதயத்தையும் காட்டும் திரை. அந்தப் பெண் தூங்கிப்போனாள். கால் பெருவிரல் கொஞ்சம் துடித்தது. அவ்வளவுதான். கையெழுத்து வைத்த தம்பிதான் வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

ஆனால் என்னை உலுக்கியது மருந்தும் திரையும் இல்லை. மயக்கம் கொடுக்கும் முன் அங்கிருந்த சின்னப் பெண், அவளும் நர்ஸ்தான், நோயாளியின் தாலியைத் தொட்டு, "இத கழட்ட வேணாம் அக்கா, துணி சுத்தி பிளாஸ்டர் போட்டு வச்சிடுறேன், சரியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அப்படியே செய்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல எப்படி செஞ்சீங்க மிஸ்?" என்றாள். மயக்க மருந்து இல்லாத காலம் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நிவித்திகலப் பக்கம் ஒரு தோட்டத்தில், பால் வெட்டுகிறவரின் மகளாகப் பிறந்தேன். ரப்பர் மரத்துப் பாலைத்தான் சொல்கிறேன். சிங்களப் பாடசாலையில் படித்ததால் நர்ஸ் பயிற்சிக்கு எடுபட்டேன். பயிற்சி முடிந்ததும் ஓர் அரசாங்க மனநல ஆஸ்பத்திரிக்குப் போட்டார்கள். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இப்போது வேறு ஆட்கள், வேறு முறை. நோயாளிகளின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். "பைத்தியக்கார ஆஸ்பத்திரியா? ஒன்னைய எவன் கட்டுவான்?" என்று அம்மா அழுதாள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்று போய்ச் சேர்ந்தேன். பெண்கள் வார்டு முழுவதிலும் தமிழ் பேசத் தெரிந்த நர்ஸ் நான் ஒருத்திதான்.

செவ்வாயும் வெள்ளியும் கரண்ட் நாள். முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர்கூடக் கிடையாது. காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஹேர்பின், வளையல், தோடு, மூக்குத்தி, செயின், கட்டுப்பல் எல்லாவற்றையும் கழற்றுவது என் வேலை. கழற்றியதைப் பழுப்பு உறையில் போட்டு, பெயரும் கட்டில் இலக்கமும் எழுதி, ஒட்டி, வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரின் அலமாரியில் வைக்க வேண்டும். உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடும், கழுத்தில் எதுவும் இருந்தால் வலிப்பில் இறுக்கிவிடும் என்பது காரணம். பைத்தியம் பிடித்தவர்கள் நகையைத் தொலைத்துவிடுவார்கள், விழுங்கிவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். அதனால் வீட்டுக்குப் போகும் நாள்வரை அந்த உறையைத் திறப்பதில்லை.

மெஷின் என்பது மரப்பெட்டி ஒன்று. மேலே ஒரு குமிழ், ஒரு பொத்தான். நெற்றிப்பொட்டு இரண்டிலும் உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்துப் பட்டியால் கட்டுவோம். பற்களுக்கு நடுவே துணி சுற்றிய ரப்பர் துண்டு. என் அப்பா வெட்டின பாலாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். தோளுக்கு ஒருவர், இடுப்புக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர், தாடைக்கு ஒருவர். டாக்டர் பொத்தானை அழுத்துவார். உடம்பு வில்லாக விறைக்கும், பிறகு உதறும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்கு நான் கடைசிவரை பழகவில்லை. பழகிவிட்டேன் என்று சொல்கிற பழைய நர்ஸ்மாரை நம்பாதீர்கள்.

சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குசுமா சிஸ்டர். ஒல்லியான சிங்களப் பெண்மணி. உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. ரப்பர் துண்டுகளைத் தானே கொதிநீரில் போட்டு எடுப்பார். பெஞ்சில் இருக்கிறவர்கள் கட்டிலில் நடப்பதைப் பார்க்கக் கூடாது என்று பழைய படுக்கை விரிப்புகளைத் தைத்துத் திரை போட்டவர் அவர்தான். அதற்கு முன் எல்லோரும் பார்த்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்களாம். வலிப்பு வரும்போது "ஹெமின், ஹெமின்" என்பார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். அது நோயாளிக்கு இல்லை, எங்களுக்கு. இறுக்கிப் பிடித்தால் எலும்பு முறியும். உடம்பு போகிற பக்கம் நம் கையும் கூடப் போக வேண்டும்.

சட்டத்தை அவர் மயிரிழைகூட மீறமாட்டார். உறையில் இலக்கம் தெளிவில்லை என்று என்னை மூன்று முறை எழுத வைத்திருக்கிறார். எனக்கு அவரைக் கண்டால் பயம். பயத்தைவிட மரியாதை கொஞ்சம் கூடுதல்.

இனி லெச்சுமி. தெரணியகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிறவள், இருபத்திரண்டு வயது. பிள்ளைக்குப் பேர் வைத்த மறுவாரம் பேச்சு நின்றுபோயிற்று. பிறகு சாப்பாடு நின்றது. பிள்ளையைக் கையில் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாளாம். கணவன் முருகையா கொண்டுவந்து சேர்த்தபோது அவளைத் தூக்கித்தான் இறக்கினார்கள். கைக்குழந்தை தோட்டத்து லய வீட்டில் மாமியாரிடம்.

முதல் செவ்வாயன்று அவளுடைய தாலியைக் கழற்றி உறையில் போட்டவள் நான். மஞ்சள் கயிற்றில் சின்னத் தங்கத் தாலி. "கழட்டி பத்திரமா வைக்கிறேன்" என்று சொன்னேன். சொன்னது அவளிடம் நிற்காது என்பதை யோசிக்கவில்லை. கரண்ட் வைத்தால் அதற்கு முந்திய மணி நேரங்களின் ஞாபகம் அழிந்துபோகும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு லெச்சுமி சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டொரு வார்த்தை பேசினாள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதோடு இன்னொன்றும் ஆரம்பித்தது. மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, கழுத்தைத் தடவித் தடவி அழுவாள். முருகையா மழை நாளாகப் பார்த்து வந்தார். மழை பெய்தால்தான் பால் வெட்டு இருக்காது. அவரைக் கண்டதும் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடுங்கினாள். டாக்டர் கோப்பில் எழுதினார்: கணவனை அடையாளம் தெரியவில்லை. ஆறு தடவை என்றிருந்ததை எட்டாக்கினார். எட்டாவது அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்கும் சரிவராவிட்டால் பின் வார்டு என்றார்.

பின் வார்டு என்றால் மாமரத்துக்கு அப்பால் இருந்த நீளக் கட்டடம். அங்கே போனவர்கள் திரும்பி வந்து நான் கண்டதில்லை. முருகையா என்னிடம், "அவ அங்க போனா புள்ளைக்கி தாயி இல்ல மிஸ்ஸி, எனக்கும் ஒருத்தியும் இல்ல" என்றார்.

அந்தப் புதன்கிழமை குளிப்பு நாள். குளிப்பாட்டித் தலை சீவிவிட்டு, கோயில் குங்குமம் கொஞ்சம் கையில் இருந்ததால் லெச்சுமியின் நெற்றியில் வைக்கப்போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு அது ஆகாது மிஸ்ஸி. தெரிஞ்சிக்கிட்டே வைக்கிறீங்களே."

"ஏன் ஆகாது?"

கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது இல்லயே. கண்ணு முழிச்சா கழுத்துல இல்ல. வளவியும் இல்ல. வெள்ளத்துணி உடுத்தி வச்சிருக்கீங்க. அப்ப அவரு போயிட்டாருதானே. ஒருத்தரும் வாய தொறந்து சொல்ல மாட்டேங்குறீங்க. எழவுக்குக்கூட என்னைய கூட்டிக்கிட்டு போகல்ல."

"முருகையா போன ஞாயித்துக்கெழம வந்தாரே லெச்சுமி. பாத்தீங்கதானே?"

"வந்தாரு. செத்தவங்க வரத்தானே செய்வாங்க" என்றாள், எனக்கு இதுகூடத் தெரியாதா என்பதைப் போல.

பொட்டில்லை, வளையல் இல்லை, தாலி இல்லை, ஆஸ்பத்திரி வெள்ளை உடுப்பு. அவளுக்குக் கைம்பெண் கோலம் போட்டது நாங்கள். அதுவும் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அன்றுதான் நடந்த சாவு. அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் அப்போது கல்யாணம் ஆகாதவள், என் கழுத்து எப்போதும் வெறும் கழுத்துதான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிப் பார்த்தேன். லயத்தில் பிறந்து வளர்ந்தவள் சொல்லக்கூடிய சாக்கா அது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிற கதைதான்.

ஓடிப்போய் சிஸ்டரிடம் சாவி வாங்கி, உறையைக் கொண்டுவந்து தாலியை அவளுக்குக் காட்டினேன். நான்தான் கழற்றினேன், பத்திரமாக இருக்கிறது என்றேன். அது இன்னும் பெரிய முட்டாள்தனம். கழற்றிய தாலியைக் கண்டதும் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் சனத்தில் தாலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யாரும் நல்ல செய்தி சொல்வதில்லை.

சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாலி என்றால் சங்கிலி மாதிரி என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் உறையை என்னிடமிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்.

"நீ தமிழ்ப் பிள்ளைதானே?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பதில் ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

தாலியை இப்போதே கட்டிவிடலாம் என்றேன். சிஸ்டர் மறுத்தார். வெள்ளிக்கிழமை மறுபடி கழற்றினால் மறுபடி விழித்து வெறுங்கழுத்தைத்தானே தடவுவாள்? உலோகம் கழுத்தில் இருக்கக் கூடாது என்பதில் அவர் அசையவில்லை. அப்போது எனக்கு லயத்துப் பழக்கம் நினைவுக்கு வந்தது. தங்கம் இல்லாத வீட்டில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிக்கொள்வார்கள். அதுவும் தாலிதான், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

"கிழங்கு சரி. கயிறு?" என்றார் சிஸ்டர்.

வார்டுத் தையல் பெட்டியிலிருந்து ஒற்றை நூலை எடுத்துத் தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டு, விரலை விட்டு இழுத்தார். அறுந்தது. இரண்டு இழை போட்டு இழுத்தார். கழுத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. "ஒற்றை இழை. வலிப்பில் அகப்பட்டால் அதுவே அறுந்துவிடும்" என்றார். பிறகு டாக்டரிடம் போனோம். அவர் கோப்பிலிருந்து தலை நிமிராமல், "உலோகமா?" என்று கேட்டார். கறிக்குப் போடும் மஞ்சள் என்றார் சிஸ்டர். "அப்படியானால் சமையல் விஷயத்தை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்?" என்றார் டாக்டர். அதை நாங்கள் அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. தாலியை நான் கட்ட முடியாது, சிஸ்டர் கட்ட முடியாது. முருகையாதான் கட்ட வேண்டும். வியாழன் எனக்கு ஓய்வு நாள். பஸ் பிடித்துத் தெரணியகலை போய், அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்தேன். ரப்பர் காட்டுக்குள் வாளியோடு நின்ற மனிதர் என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார். லெச்சுமி செத்துப்போனாள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். விஷயத்தைச் சொன்னேன். மரத்தில் சாய்ந்து நின்று கேட்டார். "என்னைய பொணமுன்னு நெனச்சிக்கிட்டா இருந்தா இவ்வளவு நாளும்?" என்று இரண்டு தரம் கேட்டார். கங்காணியிடம் அப்போதே சொல்லிவிட்டு, மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பெஞ்சில் லெச்சுமி ஏழாவது ஆள். முருகையா கிட்டே வந்ததும் வழக்கம்போல முகத்தை மூடினாள். அவர் தரையில் குந்தி, அவளுடைய கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் கையை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

"சூடா இருக்கே" என்றாள்.

"பின்ன? பஸ்ஸுல நின்டுக்கிட்டு வந்தவன் சூடா இருக்காம?"

அவர் நூலைக் கட்டினார். மூன்று முடிச்சு. பெஞ்சில் இருந்த ஒரு சிங்கள ஆச்சி, என்ன நடக்கிறது என்று தெரியாமலே இரண்டு கையையும் கூப்பினாள். மஞ்சள் வாசனை அந்த டெட்டோல் நாற்றத்துக்குள் தனியாகத் தெரிந்தது. திரைக்குப் பின்னால் லெச்சுமியின் தாடையை நான் பிடித்துக்கொண்டேன். "ஹெமின்" என்றார் சிஸ்டர். அந்த ஒரு நிமிடம் முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒற்றை நூலைத்தான். அறவில்லை.

அரை மணி நேரத்துக்குப் பிறகு அவள் அசைந்தாள். கண்ணைத் திறக்கும் முன் கை கழுத்துக்குப் போயிற்று. கிழங்கைப் பிடித்தது. பிடித்தபடியே திரும்பிப் படுத்துத் தூங்கினாள். மறுபடி எழுந்தபோது, காலையில் முருகையா வந்ததோ கட்டியதோ அவளுக்கு ஞாபகமில்லை. "அவரு வேலைக்கி போயிட்டாரா?" என்று கேட்டாள். பிறகு, "புள்ள யாருக்கிட்ட இருக்கு?" என்றாள். சிஸ்டருக்கு நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் சீனி போட்ட தேத்தண்ணியைக் கொண்டுவந்து லெச்சுமிக்குத் தன் கையால் கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் லெச்சுமி தங்கத் தாலியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கரண்ட் அவளைக் குணப்படுத்தவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சாப்பிட வைத்தது, பேச வைத்தது அதுதான். அழ வைத்தது நாங்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நிம்மதியாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு இருந்திருப்பேன். அவளை வழியனுப்பிவிட்டு வந்ததும் சிஸ்டர் அலமாரியைத் திறந்தார். அடித்தட்டில் வெகுகாலமாக யாரும் கேட்காத பழுப்பு உறைகள் கிடந்தன. தமிழ்ப் பெயர் எழுதியவற்றைப் பொறுக்கி மேசைமேல் வைத்தார். நான்கு. நான்கிலும் இருந்தது என் கையெழுத்து.

"இவர்களும் அழுதார்களா?" என்று கேட்டார்.

அழுதார்கள். கரண்ட் வைத்தால் அழத்தான் செய்வார்கள் என்று அப்போது நினைத்தோம்.

அந்த நால்வரில் இருவர் இறந்துபோயிருந்தார்கள். ஒருத்திக்குத் தன் பெயரே தெரியவில்லை. நாலாவது பாக்கியம். பின் வார்டில் ஆறு வருடமாக இருந்தாள். கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்வாள், யாருக்கும் தொல்லை இல்லை. முதல் வருடம் மட்டும் கணவன் வந்து போயிருக்கிறான் என்று கோப்பில் இருந்தது. அவளுடைய தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கடிதம் எழுதி விசாரித்தேன். ஆள் இருக்கிறார், அதே தோட்டத்தில் அதே லயத்தில் என்று பதில் வந்தது. வேறு எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை.

உறையை எடுத்துக்கொண்டு போனேன். பாக்கியம் வார்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றியவள் நான், அது வைத்தியத்துக்காக மட்டும், உங்கள் வீட்டுக்காரர் சாகவில்லை, உயிரோடு இருக்கிறார் என்று. மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. உறையை மடியில் வைத்துக்கொண்டு அதில் இருந்த தன் பெயரை விரலால் தடவினாள்.

"உசுரோடயா இருக்காரு?"

"இருக்காரு. நல்லா இருக்காராம்."

"அப்படின்னா ஏன் மிஸ்ஸி வரல்ல?"

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. உறையைத் திறக்காமலே என் கையில் திருப்பி வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள்.

"செத்துட்டாருன்னே இருக்கட்டும் மிஸ்ஸி. அழுது முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள்.